மூன்று வாரக் குருவானவர்: ஆங்கிள்சித் தீவில் ஒரு தேடல்

முதல் நாள்: லிவர்பூல், வால்டன்

நான் தேடிப் போகிற மனிதர் வெல்ஷ் மொழிக் கவிஞர். ஆங்கிலிக்கன் திருச்சபைக் குருவானவர். பெயர் கொரோன்வி ஓவன். 1723 புத்தாண்டு அன்று வேல்ஸின் வடமேற்கு மூலையில் உள்ள ஆங்கிள்சித் தீவில் பிறந்தார். 1769இல் அமெரிக்காவில், வர்ஜீனியாவில் இறந்தார். நடுவில் இருந்த நாற்பத்தாறு வருடத்தில் பிறந்த சேகரத்தில், அதாவது பிறந்த ஊர்க் கோயிலின் எல்லைக்குள், அவர் குருப்பணி பார்த்தது மொத்தம் மூன்றே வாரம். இந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரிதான் ரயில் டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்தேன்.

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில் வளர்ந்தவனுக்கு ஐயர்மாரின் மாற்றல் புதிதில்லை; குருவானவரை அங்கே ஐயர் என்றுதான் சொல்வோம். லாரி வந்து நிற்கும். கட்டில், பீரோ, கோழிக்கூடு எல்லாம் ஏறும். ஐயரம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். மூன்று வருடம், ஐந்து வருடம் என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று வாரம் என்பது மூட்டையை முழுசாக அவிழ்க்கக்கூடப் போதாது.

நேராகத் தீவுக்குப் போகாமல் லிவர்பூலில் இறங்கியதற்குக் காரணம் வால்டன். இன்றைக்கு நகரத்துக்குள் கரைந்துபோன ஒரு பேட்டை. ஆனால் 1699 வரை லிவர்பூலே இந்தச் சேகரத்துக்குள் அடங்கிய சின்ன இடம்தான். வரலாறு இப்படித் தலைகீழாகிற ஊர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு குரூர சந்தோஷம். 1753இல் கொரோன்வி இங்கே உதவிக் குருவாக வந்தார். மனைவி எலின், பிள்ளைகள், புத்தகங்கள், கடன். இந்த நான்கும் எங்கே போனாலும் அவர் கூடவே போயின.

பரிசுத்த மரியாள் ஆலயம் 1941 மே மாதக் குண்டுவீச்சில் எரிந்து, போருக்குப் பிறகு எடுத்துக் கட்டப்பட்டது. அதனால் அவர் நின்று ஜெபம் வாசித்த சுவர் இதுதான் என்று தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. உள்ளே பீடத்துக்குப் பூ அடுக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாளிடம் வெல்ஷ் கவிஞர் ஒருவர் இங்கே உதவிக் குருவாக இருந்தாரே என்று கேட்டேன். "அப்படியா, எப்போது?" என்றார். 1753 என்றதும் சிரித்துவிட்டார். "அது எனக்குக் கொஞ்சம் முந்தி" என்றார்.

இங்கே இருந்தபோதுதான், 1755இல், அவருடைய சின்ன மகள் இறந்தாள். அவளுக்கும் எலின் என்றே பெயர். அவளுக்காக அவர் எழுதிய இரங்கற்பா வெல்ஷ் மொழியில் இன்றும் பலருக்கு மனப்பாடம். தொடக்கத்தை என்னால் முடிந்தவரை தமிழில் சொல்கிறேன்: என் நெஞ்சில் தாங்காத துயரம், முகத்தின் மேல் ஆறுகள் ஓடுகின்றன, வெயில் நிறத்து எலினை இழந்தேன், பொன் பின்னலிட்ட என் குதூகலப் பெண்ணை. மூலத்தில் இந்த நான்கு அடியும் ஒரே இயைபில் கட்டியவை. அழுகிறவன் யாப்பைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். யாப்பு இல்லாவிட்டால் விழுந்துவிடுவான் என்று தோன்றும்.

வெளியே கல்லறைத் தோட்டத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன். அந்தக் குழந்தையைத் தேடவில்லை. பசித்தது, எதிரே சிப்ஸ் கடை இருந்தது. போனேன்.

இரண்டாம் நாள்: பேங்கர், பிறகு பாலம்

செஸ்டர் தாண்டியதும் ரயில் கடலை ஒட்டிக்கொள்கிறது. வலப்பக்கம் தண்ணீர், இடப்பக்கம் மலை. அறிவிப்புகள் இரண்டு மொழியில் வர ஆரம்பித்தன, வெல்ஷ் முன்னால், ஆங்கிலம் பின்னால். எதிரே ஒரு தாத்தா குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கொரோன்வியின் இரண்டு அடிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு முணுமுணுத்தேன். தாத்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். தாளை நீட்டினேன். அவர் வாசித்தது எனக்குக் கேட்டபடி:

ஹென்ஃபிக் வெல், வோன், டிரியொன் டிர்,
ஹவ்ரடூக் பொப் ரியூ வ்ரோடிர்.

"வாழ்க மோன், மென்மையான நிலமே, நாடுகள் அனைத்தின் இன்பமே" என்று பொருள். மோன் என்பது ஆங்கிள்சியின் சொந்தப் பெயர். அது எப்படி "வோன்" ஆயிற்று என்றால், கூப்பிட்டால் இவர்கள் மொழியில் முதலெழுத்து மாறும். கண்ணன் நம்மிடம் கண்ணா ஆகிறான்; விளித்தால் நமக்கு வால் மாறும், இவர்களுக்குத் தலை மாறும். இலக்கணப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்கிற விஷயம் ரயிலில் இப்படிச் சட்டென்று புரிந்தது.

இந்தப் பாவகைக்குக் கவித் என்று பெயர். கவி என்று நம் காதில் விழுவது தற்செயல்தான், உறவு கொண்டாட வேண்டாம். இரண்டிரண்டு அடி. அடிக்கு ஏழு உயிரொலி. இரண்டு அடிக்கும் இறுதியில் இயைபு. ஆனால் ஓர் அடி அழுத்தி முடிய வேண்டும், மற்றது அழுத்தாமல் முடிய வேண்டும். இதோடு விட்டால் பரவாயில்லை. ஒவ்வோர் அடிக்குள்ளும் கங்ஹானெத் என்ற ஒலிக்கட்டு வேறு வேண்டும். முதலடியைப் பாருங்கள்: "வோன்" என்பதன் ஓசை "டிரியொன்" கடைசியில் திரும்ப வருகிறது, "டிரியொன்" தொடங்கிய ட், ர் என்ற மெய்கள் "டிர்" என்பதில் திரும்ப வருகின்றன. இரண்டாமடியில் "ஹவ்ரடூக்" கொண்டுவந்த வ், ர், ட் மூன்றும் அதே வரிசையில் "வ்ரோடிர்" என்பதில். எதுகையும் மோனையும் வைத்துப் பழகிய நமக்கே மூச்சு முட்டுகிற கட்டுப்பாடு. கொரோன்வி இதை வைத்துக்கொண்டு ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் போல ஒரு பெருங்காவியம் வெல்ஷில் எழுத வேண்டும் என்று கனவு கண்டார். கடைசி வரை எழுதவில்லை. எழுதாத அந்தக் காவியத்தைப் பற்றி அவர் எழுதிய கடிதங்களைப் படித்துவிட்டு, அடுத்த நூற்றாண்டுக் கவிஞர்கள் பலர் காவியம் எழுதக் கிளம்பினார்கள். அதில் தேறியது குறைவு.

பேங்கரில் இறங்கி, 1557இல் தொடங்கிய ஃப்ரையர்ஸ் பள்ளியின் பழைய இடம் எந்தப் பக்கம் என்று விசாரித்து நடந்தேன். கொரோன்வி 1737 முதல் 1741 வரை அங்கே படித்தார். லத்தீன் அங்கேதான் ஏறியது. தகப்பனார் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற தொழிலாளி. சில்லறையாகப் பாட்டும் கட்டுவார். தாயார் சியான் பாரி, மோரிஸ் குடும்பத்து வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். அந்த வீட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஈயம் பூசுகிறவர் மகன் லத்தீன் கவிஞர் ஹோரஸைப் படித்தான் என்பது வரை கதை நன்றாகத்தான் போகிறது.

பென்லெக் ஊருக்குப் போகிற பஸ்ஸை ஒரு நிமிஷத்தில் தவறவிட்டேன். கையைக் காட்டியும் நிற்கவில்லை. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. சாலையில் வெள்ளை எழுத்தில் "அரவ்" என்று எழுதியிருந்தது. மெதுவாகப் போ என்று அர்த்தம். எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

மெனாய் நீரிணையின் மேலே டெல்ஃபோர்டு கட்டிய தொங்கு பாலம் 1826இல் திறந்தது. கொரோன்வி காலத்தில் படகுதான். தீவிலிருந்து பள்ளிக்கூடம் போகிற பையன் இந்த நீரைப் படகில்தான் தாண்டியிருப்பான். கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் படகில் ஏற எனக்கு மனம் வராது.

மூன்றாம் நாள்: லான்வைர் மத்தாவர்ன் ஐத்தாவ்

தங்கியிருக்கிற வீட்டுக்கார அம்மாள் காலையில் பாரா ப்ரித் என்கிற உலர்பழ ரொட்டியை வெண்ணெய் தடவி வைத்தார். தேநீரில் ஊறவைத்த திராட்சை போட்டுச் செய்வார்களாம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "கொரோன்வியா? என் பேரப்பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடமே அவர் பெயரில்தான்" என்றார். உண்மைதான்; பென்லெக் ஆரம்பப் பள்ளியின் பெயர் அஸ்கொல் கொரோன்வி ஓவன். பிறகு என் உச்சரிப்பைத் திருத்த ஆரம்பித்தார். ஊர்ப் பெயரின் முதல் ஒலி ல இல்லை, ள இல்லை, நம் ழ கூட இல்லை. நாக்கை ல சொல்கிற இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல், ஓரத்தால் காற்றை ஊத வேண்டும். நான் ஊதினேன். ரொட்டித் துணுக்கு மேசை விரிப்பில் விழுந்தது. அம்மாள் பெருந்தன்மையோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

லான் என்றால் ஆலயமும் அதன் வளாகமும். வைர் என்பது மரியாளின் பெயர், தலை மாறியது. ஐத்தாவ் என்றால் கடைக்கோடி. கடைக்கோடி மரியாள் கோயில். குறுகலான சந்து, இரண்டு பக்கமும் வேலிச்செடி, எதிரே டிராக்டர் வந்தால் செடிக்குள் சாய்ந்து நிற்க வேண்டும். அப்படி ஒரு முறை சாய்ந்ததில் முள் சட்டையைக் கிழித்தது.

கோயில் பூட்டியிருந்தது. எதிர்பார்த்ததுதான். சின்னக் கல் கோயில். நம் ஊர்ப் பெரிய கோபுரங்களைப் பார்த்த கண்ணுக்கு ஒரு மாட்டுக்கொட்டிலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஜன்னல் கண்ணாடியில் கையைக் குவித்து உள்ளே பார்த்தேன். இருட்டு, பெஞ்சுகளின் முதுகு. சுற்றிலும் கல்லறைகள், பலவும் பலகைக்கல். இந்தக் கல்லில் எழுத்து அத்தனை கூர்மையாக நிற்கிறது, நேற்று வெட்டியது மாதிரி. "எர் கோவ் அம்" என்று ஒவ்வொன்றிலும் தொடங்குகிறது, "நினைவாக" என்று பொருள். ஒரு கல்லில் பாசி மூடியிருந்த இடத்தை விரலால் தேய்த்தேன். கடைசிப் பகுதி நாலடிப் பாட்டு போல அமைந்திருந்தது. கல்லறையில்கூட யாப்பு.

1746 ஜனவரியில் டீக்கனாக, அதாவது குருப்பட்டத்தின் முதல் படியில், அபிஷேகம் பெற்ற கொரோன்வி இங்கே அனுப்பப்பட்டார். வயது இருபத்து மூன்று. அவர் பிறந்த வீடு, ஒ டாவர்ன் கோக், இங்கிருந்து நடை தூரம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிற ஒவ்வொரு முகமும் தெரிந்த முகம். ஈயம் பூசுகிறவர் மகன் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பீடத்தில் நிற்கிறான். அதிகம் போனால் மூன்று ஞாயிறு, நான்கு ஞாயிறு. அதற்குள் பேங்கர் பேராயர் அலுவலகத்தில் வேறொருவருக்கு இந்த இடம் தேவைப்பட்டது. வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவருக்கு. கொரோன்வி கிளம்ப வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு இந்தத் தீவில் அவருக்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை.

எல்லைக்கு அப்பால், இங்கிலாந்துக்குள் போனார். முதலில் ஆஸ்வெஸ்ட்ரி. 1747இல் எலின் ஹியூஸைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு ஷ்ராப்ஷரில் டானிங்டன்: பள்ளிக்கூடமும் நடத்த வேண்டும், பக்கத்து அப்பிங்டன் கோயிலையும் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 26 பவுண்டு. கோயிலின் உண்மையான குருவானவர் வேறெங்கோ இருந்துகொண்டு பெரிய தொகையை வாங்கிக்கொள்வார். வேலையைக் கூலி உதவிக் குரு பார்ப்பார். அந்தக் கால இங்கிலாந்துத் திருச்சபையில் இது முறைகேடு இல்லை, முறையே இதுதான். பிறகு வால்டன். பிறகு லண்டன். லண்டனில் வாழ்ந்த வெல்ஷ்காரர்கள் அவரைத் தங்கள் சங்கத்துக்குக் குருவாக வைத்துக்கொள்ளப் பேசினார்கள், பேச்சோடு நின்றது. நகரத்துக்கு வெளியே நார்த்தோல்ட்டில் உதவிக் குருவானார். நேற்று ரயில் தாத்தா வாசித்த "வாழ்க மோன்" அடிகள் 1756இல் அங்கிருந்து எழுதியவை. ஊர்க் கவிஞர் ஹியூ ஹியூஸ், சிவப்புக் கவிஞர் என்று பெயர், அனுப்பிய பாட்டுக்கு அது பதில்.

ஊர் ஏக்கத்துக்கு வெல்ஷில் ஹிரைத் என்று ஒரு சொல் உண்டு. அதை மொழிபெயர்க்கவே முடியாது என்று எல்லாப் பயணக் கட்டுரையிலும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே மொழிபெயரும்.

பிறந்த வீடு இருந்த பக்கமாக நடந்தேன். ஆனால் யாருடைய வாசலிலும் நின்று படமெடுக்கக் கூசியது. ஒரு நாய் என்னைச் சந்து முனை வரை கொண்டுவந்து விட்டது. திரும்புகிற வழியில் பள்ளிக்கூட மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கத்தல் முழுக்க வெல்ஷில். 2021 கணக்கெடுப்பில் இந்தத் தீவில் வெல்ஷ் பேசுவோர் 55.8 விழுக்காடு, 2011இல் 57.2 இருந்தது.

நான்காம் நாள்: ப்ரின்ரெவைல், லானாஸ்கோ, மழை

லானாஸ்கோ என்று நான் எழுதியதைப் பார்த்து வீட்டுக்கார அம்மாள் சிரிக்கக்கூடும். அந்த ஊதல் ஒலியும் க ஒலியும் அடுத்தடுத்து வருகிற பெயர். லானல்கோ என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் ப்ரின்ரெவைல். சாலையோர மேட்டில் ஒரு கெல்டிக் சிலுவை, 1910இல் நட்டது. மோரிஸ் சகோதரர்களுக்கு நினைவுக்கல். கீழே டூலாஸ் விரிகுடா. கடலுக்குள் ஒரு குட்டிப் பாறைத் தீவு. அதன் மேல் ஒரு கூம்புக் கோபுரம். கப்பல் உடைந்து கரையேறுகிறவர்களுக்கு உணவு வைப்பதற்காகக் கட்டியதாம். மேட்டுக்குக் கீழே இருக்கிறது பென்ட்ரே ஐரியானெல், மோரிஸ் குடும்பத்து வீடு. கொரோன்வியின் அம்மா வேலை பார்த்த வீடு.

அண்ணன் தம்பிகளில் மூவரைச் சொல்ல வேண்டும். லூயிஸ் நில அளவைக்காரர். வேல்ஸ் கடற்கரையை அளந்து வரைபடம் போட்டவர், கவிஞர், சுரங்க அதிகாரி, சண்டைக்காரர். ரிச்சர்ட் லண்டனில் கடற்படை அலுவலகத்தில் எழுத்தர். 1751இல் லண்டன் வெல்ஷ்காரர்களுக்காகக் கம்ரோடோரியன் சங்கத்தைத் தொடங்கியவர். வில்லியம் ஹோலிஹெட்டில் சுங்க அதிகாரி, செடிகொடிப் பிரியர். இவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன; பதினெட்டாம் நூற்றாண்டு வேல்ஸைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு அவற்றிலிருந்து. வேலைக்காரியின் மகன் பெரிய கவிஞன் என்று முதலில் கண்டுகொண்டவர்கள் இவர்களே. இவர்களுடைய தாய் மார்கெட் 1752இல் இறந்தபோது கொரோன்வி இரங்கற்பா எழுதினார். பிறகு லூயிஸுக்கும் கொரோன்விக்கும் முறிந்தது. குடி, கடன், நாணயம் என்று லூயிஸின் கடிதங்களில் திட்டு பொழிகிறது. யார் பக்கம் நியாயம் என்று நான் பஞ்சாயத்து பேசப் போவதில்லை. ஆனால் பண உதவி செய்தவனும் உதவி பெற்றவனும் இரண்டு பேருமே கவிஞர்களாக இருந்தால் முடிவு இப்படித்தான் இருக்கும்.

மேட்டிலிருந்து இறங்கும்போது மழை பிடித்தது. லானல்கோ கோயில் வாசலில் ஒதுங்கினேன். கொரோன்வி சிறுவனாகப் படித்தது இந்த ஊரில். ஆனால் இங்கே நின்றால் வேறொரு குருவானவரைத் தவிர்க்க முடியாது. 1859 அக்டோபர் 26 அன்று, ஆஸ்திரேலியத் தங்கத்தோடு வந்த ராயல் சார்ட்டர் கப்பல் பக்கத்து மொயல்வ்ரே கரையில் புயலில் மோதி உடைந்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது இங்கே குருவானவர் ஸ்டீபன் ரூஸ் ஹியூஸ். கரை ஒதுங்கிய உடல்களைக் கோயிலுக்குள்ளேயே கிடத்தி, ஒவ்வொன்றிலும் பச்சை குத்தியிருக்கிறதா, மோதிரத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்து, உறவினர்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதம் எழுதினார். மூன்றே வருடத்தில், 1862இல், அவரும் போய்விட்டார். இவருக்குத் தனிக் கட்டுரை எழுத வேண்டும். இன்றைக்கு மழைக்கு ஒதுங்கினவனாக ஒரு வணக்கம்.

ராத்திரி முழுக்கக் கொட்டியது. கட்டிலில் உட்கார்ந்து மிச்சக் கதையைப் படித்தேன்.

1757இல் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியின் இலக்கணப் பள்ளிக்கு ஆசிரியர் வேலை வந்தது. சம்பளம் பல மடங்கு. ட்ரையல் என்ற கப்பலில் குடும்பத்தோடு ஏறினார். நாடு கடத்தப்படுகிற குற்றவாளிகளும் அதே கப்பலில். டிசம்பரில் இங்கிலாந்தின் தென்கரையில் ஸ்பிட்ஹெட்டில் கப்பல் காற்றுக்குக் காத்து நின்றபோது எழுதிய கடிதம் இருக்கிறது: நாற்றம், திருட்டு, கடல் பயம். போகிற வழியில் மனைவி எலினும் கைக்குழந்தையும் இறந்தார்கள். கடலிலேயே அடக்கம்.

வில்லியம்ஸ்பர்க்கில் கல்லூரித் தலைவரின் சகோதரியை மணந்தார். அவரும் சீக்கிரம் இறந்தார். 1760இல் கல்லூரிப் பையன்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் அடிதடி. பையன்களை அடக்க வேண்டிய இரண்டு ஆசிரியர்களே முன்னால் நின்று நடத்தினார்கள். ஒருவர் கொரோன்வி. மற்றவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். இவர் தானாகவே விலகினார். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன், பாவம் என்றும் நினைத்தேன். ஆளுநர் இரக்கப்பட்டு பிரன்ஸ்விக் கவுண்டியில் புனித அந்திரேயா சேகரத்தைக் கொடுத்தார். வர்ஜீனியாவில் குருவானவருக்குச் சம்பளம் காசாக அல்ல, புகையிலையாக: சட்டப்படி ஆண்டுக்கு 16,000 பவுண்டு எடை. 26 பவுண்டு காசுக்கு அலைந்தவர் புகையிலைப் பவுண்டில் மிதந்தார். அந்தப் புகையிலையை நட்டவர்களும் ஒடித்தவர்களும் அடிமைகள். தன் துயரத்தை அத்தனை நுணுக்கமாகப் பாடியவர் சுற்றியிருந்த துயரத்தைப் பாடியதாகத் தெரியவில்லை. அதை எழுதாமல் விட்டுவிட்டு இவரைப் பற்றி உருக எனக்கு மனமில்லை.

1763இல் மூன்றாவது கல்யாணம். 1765இல் லூயிஸ் மோரிஸ் இறந்தார்; செய்தி கடல் தாண்டிப் போய்ச் சேர நாளாயிற்று. 1767இல் கொரோன்வி லூயிஸுக்கு இரங்கற்பா எழுதி அனுப்பினார். வர்ஜீனியாவிலிருந்து நமக்குக் கிடைத்த பாட்டு அது ஒன்றுதான். தன்னைத் திட்டித் தீர்த்தவருக்காக, சுற்றி ஒருவருக்கும் புரியாத மொழியில், யாப்பில் ஓர் அடி வழுவாமல். 1769 ஜூலையில் அங்கேயே இறந்து அங்கேயே அடக்கமானார்.

ஐந்தாம் நாள்: ட்ரெவ்ட்ரைத்

தீவின் இந்தப் பக்கம் கொரோன்விக்கு நேரடி உறவில்லை. ஆனாலும் இங்கே வராமல் போனால் கதை அரைகுறை. பொடோர்கன் ரயில் நிலையத்தில் இறங்க வேண்டுமானால் முன்கூட்டியே கார்டிடம் சொல்ல வேண்டும். ஏற வேண்டுமானால் பிளாட்பாரத்தில் நின்று கையைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ரயில் போய்விடும். பேங்கர் பஸ்ஸில் பட்ட அனுபவத்தால் இரண்டு முறை சொன்னேன்.

ட்ரெவ்ட்ரைத்தில் புனித பெயனோ ஆலயம். சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி வயல்களுக்கு நடுவில். 1766இல் பேங்கர் பேராயர் ஜான் எகெர்டன் இங்கே தாமஸ் போல்ஸ் என்ற எழுபது வயதுக்காரரைக் குருவாக நியமித்தார். சேகரத்தில் சுமார் ஐந்நூறு பேர். ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஐந்து பேர். போல்ஸுக்கு வெல்ஷ் ஒரு சொல் தெரியாது. 1563இலேயே வேதாகமத்தையும் ஜெப புத்தகத்தையும் வெல்ஷில் கொண்டுவரச் சட்டம் இருக்கிறது. 1588இல் வில்லியம் மோர்கன் என்ற குருவானவர் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தார். அதெல்லாம் இருந்தும் நிலைமை இதுதான். பேராயர்களே வெல்ஷ்காரர்கள் இல்லை; அந்த மொழி பேசுகிற ஒரு பேராயர் மறுபடி வர 1870 ஆயிற்று.

ட்ரெவ்ட்ரைத் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. சபைத் தலைவர்கள் வழக்குப் போட்டார்கள். ரிச்சர்ட் மோரிஸின் அதே கம்ரோடோரியன் சங்கம் பணம் திரட்டியது. போல்ஸ் தரப்பு சாராயக் கடையில் வைத்து, அவருக்கு வெல்ஷ் தெரியும் என்று ஆட்களிடம் கையெழுத்து வாங்கப் பார்த்தது. அவருடைய வக்கீல் லண்டனில் வாதாடினார்: வேல்ஸ் வெல்லப்பட்ட நாடு, அங்கே ஆங்கிலத்தைப் புகுத்துவது பேராயர்களின் கடமை. 1773இல் தீர்ப்பு. வெல்ஷ் தெரியாதவரை இப்படி நியமித்தது தவறு, ஆனால் நியமித்தாயிற்று, இனி எடுக்க முடியாது. அதே ஆண்டு நவம்பரில் போல்ஸ் செத்தார். அதன் பிறகுதான் ஊருக்கு வெல்ஷ் தெரிந்த குரு வந்தார்.

கல்லறைச் சுவரில் உட்கார்ந்து வருடங்களை நோட்டில் எழுதிப் பார்த்தேன். 1766, 1767. இந்த வாசலில் ஞாயிறுதோறும் ஐந்நூறு பேர் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே ஞாயிறு, கடலுக்கு அந்தப் பக்கம், அவர்கள் மொழியில் அன்றைக்கு இருந்த மிகச் சிறந்த புலவர் புகையிலைப் பண்ணைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார். போல்ஸ், கொரோன்வி, இரண்டு பேருமே திருச்சபை ஊழியர்கள். இரண்டு பேருமே அத்தாட்சியோடு முறையாக நியமிக்கப்பட்டவர்கள்.

மேகம் திரும்பவும் கூடியது. குடையை எடுக்கப் பையைத் துழாவியபோதுதான் பென்லெக் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியது ஞாபகம் வந்தது. நிலையத்துக்கு ஓடி, நனைந்து, கையைக் காட்டி ரயிலை நிறுத்தினேன். உண்மையிலேயே நின்றது.

ஹோலிஹெட்டில் இருந்து வந்த ரயிலில் ஈரச் சாக்ஸோடு உட்கார்ந்து வீட்டுக்கார அம்மாளுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் பேங்கர் வருவதற்குள் வந்துவிட்டது: "குடை பத்திரமாக இருக்கிறது. மூன்று வாரம் வைத்திருப்பேன். அதற்குப் பிறகு பேராயருக்குத் தெரிந்தவர் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன்."